கிளட்ச் கருகாமல் காரைச் சட்டென்று கிளப்புவது எப்படி?

திருச்சி உறையூர்ப் பக்கமிருந்து கரூர் பைபாஸ் சாலையில் ஏறுகிறவர்களுக்கு இந்த அவசரம் பழக்கம்தான். ஒரு பக்கம் பஸ், இன்னொரு பக்கம் லாரி, நடுவில் சில நொடிகளுக்கு மட்டும் ஒரு இடைவெளி. அதற்குள் கார் நகர்ந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பலரும் செய்வது இரண்டில் ஒன்று. ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டு கிளட்சை மெதுவாக விடுவார்கள். கருகல் வாடை வரும். இல்லையென்றால் கிளட்சைப் படாரென்று விடுவார்கள்; வண்டி குதிக்கும், அல்லது ஆஃப் ஆகிவிடும்.

வேகமாகக் கிளம்புவதில் தப்பில்லை. சில இடங்களில் அதுதான் பாதுகாப்பும்கூட. அந்த வேகத்தை எப்போது கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகு கேட்டால் என்ஜின் கொடுக்கும். பிடிப்பதற்கு முன்பே கேட்டால், கிளட்ச் தேய்ந்துதான் கொடுக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

கார் நின்றிருக்கும்போதும் என்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சுற்றுகிற என்ஜினை, நிற்கிற சக்கரத்தோடு சேர்த்து வைப்பதுதான் கிளட்சின் வேலை. என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், பிரஷர் பிளேட் இன்னொரு பக்கம். நடுவில் சாண்ட்விச் மாதிரி கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிடி விடும். பெடலை விட்டால் ஸ்பிரிங் அழுத்தத்தில் மூன்றும் ஒன்றாக இறுகும்.

இந்த இரண்டுக்கும் இடையில் பிளேட் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டு வழுக்குகிற நிலைதான் ‘ஹாஃப் கிளட்ச்’. சூடும் தேய்மானமும் அங்கேதான். ஹாஃப் கிளட்ச் இல்லாமல் காரைக் கிளப்ப முடியாது. ஆனால் அதை எந்த ஆர்.பி.எம்.மில் வைக்கிறோம் என்பது நம் கையில், இல்லை, காலில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

1,000 கிலோ எடையுள்ள ஒரு சின்ன பெட்ரோல் கார். முதல் கியரில் 1,000 ஆர்.பி.எம்.முக்கு சுமார் 7.5 கி.மீ. வேகம் போகும் என்று வைத்துக்கொள்வோம். என்ஜினை 1,500 ஆர்.பி.எம்.மில் நிலையாக வைத்துக் கிளம்பினால், கார் 11 கி.மீ. வேகத்தைத் தொடும்போது கிளட்ச் வழுக்குவது நிற்கும். சமதளத்தில், அதுவரை காருக்குக் கிடைத்த இயக்க ஆற்றல் எவ்வளவோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் சூடாகிறது. இந்தக் காருக்கு அது சுமார் 5 கிலோ ஜூல்.

அதே காரை 3,000 ஆர்.பி.எம்.மில் கிளப்பினால்? கிளட்ச் முழுதாகப் பிடிக்க 22 கி.மீ. வேகம் வந்தாக வேண்டும். சூடு இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு, அதாவது சுமார் 20 கிலோ ஜூல் ஆகும். அறை வெப்பத்தில் இருக்கும் 60 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற சூடு, ஓரிரு நொடியில் ஒரு மெல்லிய பிளேட்டில் இறங்குகிறது.

ரெண்டாவது கியரில் கிளப்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான். முதல் கியரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் வரும்வரை பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அப்படியென்றால் படாரென்று விடலாமா?

கூடாது. அப்போது கிளட்சில் சூடு குறையலாம், ஆனால் அடி வேறு இடத்தில் விழும். வேகமாகச் சுற்றும் கனமான ஃப்ளைவீல், நிற்கிற கியர்பாக்ஸோடு ஒரே நொடியில் மோதுகிறது. அந்த அதிர்ச்சி கியர் பற்கள், டிரைவ் ஷாஃப்ட், அதன் ஜாயின்ட், என்ஜின் மவுன்ட் எல்லாவற்றையும் தாக்கும்.

டயரும் சும்மா இருக்காது. நம் ஊர் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தில் ஓடுபவை. வேகமாகக் கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்வதால், இழுக்க வேண்டிய முன் சக்கரங்களுக்கே பிடிமானம் குறைகிறது. ரோட்டோரம் மணல் இருந்தாலோ மழை பெய்திருந்தாலோ சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சத்தம்தான் வரும், வண்டி போகாது.

சரியான முறை என்ன?

1. என்ஜின் சூடாகி இருக்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே இதை முயல வேண்டாம்.

2. முதல் கியர். ஸ்டியரிங் முடிந்தவரை நேராக இருக்கட்டும். இடைவெளி வருவதற்குச் சற்று முன்பு, கிளட்ச் ‘பிடிக்கிற’ இடம் வரை பெடலை உயர்த்துங்கள். என்ஜின் சத்தம் லேசாக மாறும், அதுதான் அடையாளம்.

3. சாதாரண பெட்ரோல் காருக்கு 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். போதும். டீசலுக்கு இன்னும் குறைவாகவே போதும். ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத காரில், என்ஜின் உறுமாமல் சற்றே கனமாக ஒலிக்கும் அளவு.

4. பிடிக்கிற இடத்தைத் தாண்டும்போது கிளட்சை நிதானமாக, ஆனால் தயங்காமல் விடுங்கள். ஒரு நொடி, அதிகபட்சம் ஒன்றரை நொடி. ஆர்.பி.எம். ஏறவும் கூடாது, விழவும் கூடாது.

5. இடது கால் பெடலை விட்டு முழுதாக வெளியே வந்த பிறகு ஆக்ஸிலரேட்டரை ஆழமாக அழுத்துங்கள். வண்டியின் உண்மையான பிக்கப் இங்கேதான் தொடங்குகிறது. இப்போது என்ஜின் கொடுக்கும் சக்தி வழுக்கலில் வீணாகாமல் சக்கரத்துக்குப் போகிறது.

6. ரெண்டாவது கியருக்கு மாறும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். மிதித்தபடியே கியர் மாற்றுவது மிச்சப்படுத்துவது கண் சிமிட்டும் நேரம், தேய்ப்பது கிளட்சை.

அடுத்தடுத்து நாலைந்து முறை இப்படிக் கிளம்பினால் சூடு சேர்ந்துகொண்டே போகும். இடையில் கொஞ்ச தூரம் சாதாரணமாக ஓட்டினால் பிளேட் ஆறிவிடும்.

மேம்பாலத்தில் நிற்கும்போது

அரிஸ்டோ மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால், பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதைச் சிலர் திறமையாக நினைக்கிறார்கள். முன்பு பார்த்த அதே கார், 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில், 1,500 ஆர்.பி.எம்.மில் இப்படி ஒரு நிமிடம் நின்றால் கிளட்சில் இறங்கும் சூடு சுமார் 90 கிலோ ஜூல். நிதானமாக 18 முறை கிளம்பியதற்குச் சமம். வண்டி ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

ஹேண்ட்பிரேக் இருப்பது இதற்காகத்தான். ஏற்றத்தில் நின்று, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்பத் தெரிந்திருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் டிரைவிங் டெஸ்ட்டுக்கான திறமைகளில் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்ச் பிடித்து வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விட்டால் போதும்.

கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. கார் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதிலும் உள்ளே இருப்பது இதே மாதிரி கிளட்ச்தான். மிதிப்பது மட்டும் மெஷின். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே நின்றால் அதுவும் கருகும்.

கிளட்ச் போகப்போகிறது என்று எப்படித் தெரியும்?

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஆர்.பி.எம். ஏறும், ஆனால் வேகம் அதற்கேற்ப ஏறாது. மூன்றாவது, நான்காவது கியரில் ஏற்றம் ஏறும்போது இது முதலில் தெரியவரும். பெடல் முன்பைவிட மேலே வந்த பிறகே பிடிக்கும். கிளம்பும்போது வண்டி நடுங்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது. கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் பார்ட்ஸ் விலையோடு லேபரும் சேரும். தள்ளிப்போட்டால் ஃப்ளைவீலும் கெட்டு, பில் இன்னும் பெரிதாகும். கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள் என்பதால் பொதுவாக வாரன்ட்டியையும் நம்பியிருக்க முடியாது.

சிக்னல் ரேஸுக்கு இது இல்லை

பக்கத்துக் காரை முந்திக் காட்டுவதற்காக இதைப் பழக வேண்டாம். பொதுச் சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. வேகம்தான் ஆசை என்றால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அதற்கென்றே டிராக் இருக்கிறது.

ரோட்டில் தேவைப்படுவது ஒரு இடைவெளியைப் பத்திரமாகக் கடக்கிற அளவு வேகம் மட்டும்தான். பழக நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி நடமாட்டமே இல்லாத ஒரு மைதானத்தில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு காரை நகர்த்திப் பாருங்கள். சமதளத்தில் பெரும்பாலான கார்கள் நகர்ந்துவிடும். பிடிக்கிற இடம் எது என்று இடது கால் அங்கே கற்றுக்கொள்ளும். அதன் பிறகு பைபாஸில் ஏறும்போது என்ஜினை உறுமவிட வேண்டிய தேவையே வராது.