குடிக்கூலிக்கு வீடு விடும் நம்மவர்க்கு

தேயிலைத் தோட்டத்தில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் ஒருவருக்குச் சேமநிதியும் பணிக்கொடையும் ஒருசேரக் கைக்கு வருவது வாழ்நாளில் ஒரே முறைதான். பெண்ணின் திருமணம், பிள்ளையின் படிப்பு, பழைய கடன் என்று அத்தொகைக்கு வழி பார்த்திருப்போர் பலர். அவையெல்லாம் போக எஞ்சியதைக் கொண்டு விதுராவிலோ நெடுமங்காட்டிலோ ஒரு சிறு வீடு வாங்கிக் குடிக்கூலிக்கு விடலாமே என்ற எண்ணம் பொன்முடிப் பகுதியிலுள்ள நம் குடும்பங்களிடையே இப்போது பரவி வருகின்றது. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்க்குச் சொந்த வீடு என்ற சொல்லே இனிக்கும். வேலை உள்ளவரைக்கும் இருக்கலாம், வேலை போனால் வெளியேற வேண்டும் என்ற நிலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாம். ஆதலின் இவ்வெண்ணத்தைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆயினும் இரண்டாம் முறை வாராத பணம் இது என்பதனால், சில செய்திகளை விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பதினைந்து இலட்சம் ரூபாய் கொடுத்து ஒரு வீடு வாங்கி, மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அறுபதாயிரம், முதலுக்கு நூற்றுக்கு நான்கு விழுக்காடு. ஒரு குடித்தனம் போய் மறு குடித்தனம் வருமுன் ஒரு மாதமேனும் வீடு பூட்டிக் கிடக்கும். பஞ்சாயத்து வரி, வெள்ளை அடித்தல், கூரை பழுது, குழாய் பழுது என்று மேலும் பத்தாயிரம் போகும். மிஞ்சுவது நாற்பத்தையாயிரம், அதாவது மூன்று விழுக்காடு. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டாலே இதனினும் மிகுதியான வட்டி கிடைக்கும். அங்ஙனமாயின் வீடு எதற்கு என்று கேட்கலாம். மனை விலை ஏறலாம். பிள்ளைகள் ஒரு நாள் வந்து குடியேறலாம். வட்டி இறங்கினாலும் வீடு நிற்கும். இவை மெய்யான பயன்களே. ஆனால் பன்னிரண்டு விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்கி மூன்று விழுக்காடு தரும் வீட்டை வாங்குவது எவ்வாற்றானும் பொருந்தாது. தரகர் சொல்லும் கணக்கில் வீடு ஒரு மாதங்கூடக் காலியாக இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இம்மலைப் பகுதியில் நிலம் வாங்குவோர் மற்ற இடங்களினும் இருமடங்கு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 1963-ஆம் ஆண்டுக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்ட நிலங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. அது தோட்டப் பயிர் நிற்கும் வரைக்கே உரிய விலக்கு. தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஐந்து சென்று, பத்து சென்றாகத் துண்டாடி விற்கும் மனையை மலிவென்று வாங்கினால், பின்னர் வழக்கு வாங்கியவர் தலையில் விழும். அன்றியும் 2003-ஆம் ஆண்டின் சட்டப்படி, சூழல் நலிவுடைய நிலம் என்று கருதப்படுவது அரசின் உடைமையாகிவிடும். ஏழை எளியவர்தாம் இதில் அகப்படுவர் என்று எண்ணற்க. விண்வெளிக் கல்விக் கழகம் ஒன்று அமைப்பதற்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமே பொன்முடியருகே மெர்ச்சிஸ்டன் தோட்டத்தில் நிலம் வாங்கியது. அந்நிலம் இச்சட்டத்தின்கீழ் அரசைச் சேர்ந்தது என்ற பிணக்கு 2007-இல் பெரிதாக எழுந்தது. கழகம் இறுதியில் நெடுமங்காட்டையடுத்த வலியமலையில் கட்டப்பெற்றது. இராக்கெட்டு விடுவோர்க்கே இந்நிலையாயின், நாம் முன்னாதாரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதில் வெட்கமில்லை. கிராம அலுவலகத்தில் கரம் தீர்த்த ரசீது விற்பவர் பெயரில் உள்ளதா, போக்குவரவு நடந்துள்ளதா, வனத்துறையின் உரிமைக் கோரிக்கை ஏதேனும் உண்டா என்பவற்றை விசாரியாமல் அச்சாரம் கொடுக்கலாகாது. ஆதாரம் மலையாளத்தில் இருக்குமாதலால், படிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுதல் நன்று.

குடித்தனக்காரர் ஏற்கெனவே இருக்கும் வீட்டை வாங்குவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1965-ஆம் ஆண்டுக் கேரளக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையிலுள்ள இடங்களில், கிரயம் வாங்கியவர் தம் சொந்தத் தேவையைக் காட்டிக் காலி செய்யக் கோருவதற்குப் பத்திரம் முடித்த நாளிலிருந்து ஓராண்டு காத்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் கடை நடத்தி முக்கியமாக அவ்வருவாயினாலேயே பிழைப்பவராகவும், அப்பகுதியில் வேறு தகுந்த கட்டடம் இல்லாதவராகவும் இருந்தால், சொந்தத் தேவை என்ற காரணமும் செல்லாது. இச்சட்டம் அரசு அறிவித்த பகுதிகளுக்கே உரியது. உங்கள் பஞ்சாயத்து அதனுட்படுமா என்பதை நெடுமங்காட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் முன்னரே கேட்டறிக.

வாடகைப் பத்திரம் எழுதாமல் வீடு விடுவது நம்மிடையே பெரிதும் உள்ள வழக்கம். “நம் ஊர்க்காரர்தானே, அண்ணாச்சி ஏமாற்றவா போகிறார்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுகின்றோம். அண்ணாச்சி ஏமாற்றமாட்டார், அவருக்குப் பின் அவ்வீட்டில் இருக்கப் போகும் மருமகனைப் பற்றித்தான் பேச்சு. வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மின்கட்டணம் யார் பொறுப்பு, எத்தனை பேர் தங்குவர், உள்வாடகைக்கு விடலாமா, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பன எழுத்தில் இருக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். பதினொரு மாதம் என்று எழுதும் வழக்கம் இதனாலேயே வந்தது. பத்திரம் இல்லாத மாத வாடகையாயின் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது அச்சட்டத்தின் பொது விதி. வாடகை வாங்குந்தோறும் ரசீது கொடுக்க வேண்டும். குடித்தனக்காரருக்கு அது உரிமை. நமக்கோ ‘நான் கொடுத்தேன், நீ வாங்கினாய்’ என்ற சச்சரவிலிருந்து காப்பு.

ஒத்திக்கு விடுவதைப் பற்றி ஒரு சொல். மாத வாடகை வாங்காமல் இரண்டு இலட்சமோ மூன்று இலட்சமோ ஒருசேர வாங்கிக்கொண்டு, காலம் முடிந்ததும் முழுத்தொகையையும் திருப்பிக் கொடுப்பதாகிய இம்முறை வாங்கும் நாளில் இனிமையாக இருக்கும். அத்தொகையைத் தொடாமல் வங்கியில் வைத்திருப்பவர் மிகச் சிலரே. திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ அது செலவான பின், திருப்பிக் கொடுக்க வழியின்றி, ஒத்திக்கு இருந்தவரிடமே வீட்டை அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்த குடும்பங்களை நாம் கேள்வியுற்றிருக்கின்றோம். மாத வாடகை சிறிதாயினும் அதுவே தக்கது.

வாடகை நின்றுபோனால் என்ன செய்வது? கதவைப் பூட்டுவதும், தண்ணீரை நிறுத்துவதும், மின்னிணைப்பைப் பிடுங்குவதும் வேண்டா. தக்க காரணமின்றி வசதிகளை நிறுத்துவதை மேற்கூறிய 1965-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கின்றது. நியாயம் நம் பக்கம் இருந்தும் குற்றவாளிகளாக நிற்போம். முறையாவது, பாக்கியைக் குறித்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிப் பதினைந்து நாள் பார்த்தல். அதன் பின்னும் கட்டாவிடில் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆணை பிறந்த பிறகும், அதற்குரிய தவணைக்குள் பாக்கி, வட்டி, செலவு யாவற்றையும் செலுத்தினால் அவ்வாணை நீக்கப்படும். ஆதலின் இது வீட்டைக் காலி செய்விக்கும் வழி என்பதினும், வாடகையை வசூலிக்கும் வழி என்பதே பொருத்தம். வழக்கு நடக்குங்காலத்தில் ஒப்புக்கொண்ட பாக்கியை அவர் நீதிமன்றத்தில் கட்டியாக வேண்டும் என்பது ஓர் ஆறுதல். மூன்று மாதம் பாக்கி விழும்வரை வாய் மூடியிருந்துவிட்டுப் பின் சண்டைக்குப் போவதைவிட, முதல் மாதமே நேரிற் சென்று கேட்பது மேல். வேலை போனவரா, ஏய்ப்பவரா என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.

சுற்றுலா வருவோரை நம்பி வீட்டை விடுதியாக்கலாம் என்போர்க்கு: கேரளச் சுற்றுலாத் துறை வைரம், பொன், வெள்ளி என்று தரம் பிரித்து இல்லத் தங்கல்களுக்கு அங்கீகாரம் அளிக்கின்றது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அவ்வீட்டிலேயே இருத்தல் வேண்டும்; ஆறு அறைகளுக்கு மேல் கூடாது. வெளிநாட்டார் தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் தருவதும் கட்டாயம். வருவாயோ மலைச் சாலையைப் பொறுத்தது. கல்லாறிலிருந்து இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள் ஏறி வரவேண்டிய இடம் இது. 2022 செப்டம்பரில் பன்னிரண்டாம் வளைவருகே சாலை இடிந்து விழுந்தபோது மாதக்கணக்கில் பயணிகள் வரவே இல்லை. 2020-இன் பெருந்தொற்றைச் சொல்லவே வேண்டா. மாத வாடகைக்காரரின் பாக்கி மூவாயிரம் என்று வருந்துபவர் விடுதித் தொழிலில் இறங்காதிருப்பதே நலம்.

நம்மிற் பலர்க்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் பாட்டன் வீட்டுப் பங்கு ஒன்று இருக்கும். அங்கு நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டுப் பழைய வாடகைச் சட்டம் நீங்கி, 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகை. தம்பியோ சித்தப்பாவோ வாடகை வசூலித்து வைப்பதாயின், அதற்கும் ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உறவு கெடும் என்று அஞ்சி எழுதாமல் விட்டதனால்தான் உறவு கெட்ட கதைகள் மிகுதி. வளைகுடாவில் இருக்கும் பிள்ளையின் பெயரில் வீடு இருந்தால், அவருக்கு வாடகை கொடுப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு உண்டு என்பதையும் குடித்தனக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். வருமானவரியைப் பொறுத்தவரை, செலுத்திய வீட்டு வரியைக் கழித்த பின் எஞ்சும் வாடகையில் முப்பது விழுக்காட்டைப் பழுது முதலிய செலவுக்கெனத் தள்ளுபடி பெறலாம். அதற்கு ரசீது காட்ட வேண்டியதில்லை.

இன்று நம் வீடுகளுக்குக் குடிவருவோரில் வங்காளம், அசாம், பீகார் நாட்டுத் தொழிலாளர் பலர். ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நம் முன்னோர் லயத்தில் பட்டதை அறிந்த நாமே அவ்வாறு செய்தல் தகாது. கழிப்பிடமும் குடிநீரும் எத்தனை பேருக்குப் போதுமோ அத்தனை பேருக்கே வீடு விடுக. அவர்கள் அடையாளச் சீட்டின் படியை வாங்கிக் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிடுதலும் நன்று.

கடைசியாக மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர், நவம்பரில் மற்றொன்று என்று இரண்டையும் தாங்க வேண்டிய சுவர்கள் இவை. பழுது பார்க்கும் வேலையைச் சனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே முடித்துவிடுக. மே மாதக் கடைசியில் கொத்தனார் கிடைப்பதில்லை. ஒழுகும் கூரையை வைத்துக்கொண்டு வாடகையை உயர்த்தக் கேட்டால் குடித்தனக்காரர் மேலே நிமிர்ந்து பார்ப்பார்.