பணக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கவாசல்

லாஸ் ஏஞ்சலிஸ் தொழிலதிபர் ஒருவர் அமேசானில் வாட்டர் போலோ பந்தும் தொப்பியும் வாங்கினார். வீட்டு நீச்சல்குளத்தில் மகனை இறக்கி, பந்து எறிவதுபோல் படம் பிடித்தார். படம் கல்லூரி ஆலோசகரிடம் போனது. தண்ணீருக்கு மேலே உடம்பு இவ்வளவு தெரியக்கூடாது, நிஜத்தில் யாரும் அந்த உயரத்துக்கு எழும்புவதில்லை என்று பதில் வந்தது. பிறகு ஒரு டிசைனர் படத்தைச் சரிசெய்து கொடுத்தார். பையனுக்குத் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வாட்டர் போலோ வீரர் என்ற பெயரில் இடம் கிடைத்தது. அப்பா கொடுத்தது இரண்டரை லட்சம் டாலர்.

அந்த ஆலோசகர் ரிக் சிங்கர். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் கடை விரித்திருந்தவர். 2019 மார்ச் 12 அன்று பாஸ்டனில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் இந்த விவகாரத்தை அம்பலப்படுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 50 பேரில் 33 பேர் பெற்றோர். நடிகைகள், வக்கீல்கள், முதலீட்டு நிறுவன அதிபர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். சிங்கர் வசூலித்த மொத்தத் தொகை சுமார் இரண்டரைக் கோடி டாலர்.

கல்லூரிக்குள் நுழைய மூன்று வாசல் என்பது சிங்கரின் கணக்கு. தலைவாசல் வழியே மதிப்பெண்ணோடு வருகிறவர்கள் முண்டியடிக்கிறார்கள். யேல், ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஏழு பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. கொல்லைவாசல் என்பது கல்லூரிக்கே கோடிக்கணக்கில் நன்கொடை கொடுப்பது. அப்படிக் கொடுத்தாலும் சீட் நிச்சயமில்லை. சிங்கர் விற்றது பக்கவாசல். விலையும் குறைவு, சீட்டும் நிச்சயம்.

அதற்கு அவர் பிடித்துக்கொண்ட ஓட்டை, விளையாட்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வோர் அணிக்கும் சில இடங்கள் உண்டு. பயிற்சியாளர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குச் சேர்க்கை எளிது. கூடைப்பந்தில் ஏமாற்றினால் ஊரே கண்டுபிடித்துவிடும். படகு வலித்தலையும் பாய்மரப் படகையும் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? நடிகை லோரி லாஃப்லினும் கணவர் மொசிமோ ஜியானுல்லியும் 5 லட்சம் டாலர் கொடுத்து இரண்டு மகள்களையும் படகு வீராங்கனைகளாகக் காட்டினார்கள். படகு வலிக்கும் உடற்பயிற்சிக் கருவியில் மகள்களை உட்காரவைத்து எடுத்த படங்களே சாட்சி.

கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்குத் தனி ஏற்பாடு. கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் கூடுதல் நேரம் கிடைக்கும். ஏதோ ஒரு காரணம் சொல்லி ஹூஸ்டன் அல்லது மேற்கு ஹாலிவுட்டில் உள்ள 'சொந்த' மையத்துக்குத் தேர்வை மாற்றிக்கொள்ளலாம். அங்கே கண்காணிப்பாளராக உட்கார்ந்திருந்தவர், ஹார்வர்டில் படித்த மார்க் ரிடெல். பிள்ளைகள் எழுதி முடித்துப் போனதும் விடைகளைத் திருத்துவார். நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மன் இதற்குக் கொடுத்தது 15,000 டாலர். முந்தைய பயிற்சித் தேர்வைவிட மகளுக்குச் சுமார் 400 மதிப்பெண் கூடியது. மகளுக்கு எதுவும் தெரியாது.

பணத்தில் பெரும்பகுதி சிங்கரின் அறக்கட்டளைக்கு, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்ற பெயரில் போனது. லஞ்சத்துக்கு ரசீது வாங்கி, வருமான வரியில் கழிவும் கேட்ட பெற்றோர் உண்டு.

மாட்டியதும் விளையாட்டால்தான். பங்குச்சந்தை மோசடியில் சிக்கிய ஒரு நிதி வியாபாரி, தன் தண்டனை குறையட்டும் என்று யேல் மகளிர் கால்பந்துப் பயிற்சியாளர் லஞ்சம் கேட்டதைப் போட்டுக்கொடுத்தார். பயிற்சியாளர் சிங்கரைக் காட்டிக்கொடுக்க, சிங்கர் தன் வாடிக்கையாளர்களை ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் பேசவைத்தார். எஃப்.பி.ஐ. அத்தனையையும் பதிவு செய்தது. ஹஃப்மனுக்கு 14 நாள் சிறை, லாஃப்லினுக்கு 2 மாதம், ஜியானுல்லிக்கு 5 மாதம். சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு. ஒரு கோடி டாலருக்கும் மேல் ஈடு கட்டச் சொன்னது நீதிமன்றம். அந்த ஈடு போவது வருமான வரித் துறைக்கு. சீட்டைப் பறிகொடுத்த மாணவர்களுக்கு அல்ல.

இந்தப் பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் படித்தாலும் சோற்றுக்குக் கஷ்டப்படப் போவதில்லை. பிறகு ஏன் இந்த வெறி? தமிழ்ப் பூர்வீகம் கொண்ட ஹார்வர்டு பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சகாக்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடை இருக்கிறது. நல்ல அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவரோடு ஒப்பிட்டால், உச்சத்தில் உள்ள 12 கல்லூரிகளில் படிப்பதால் சராசரி வருமானம் பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் வருமானத்தில் உச்சி 1 சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகிறது. பெற்றோர் விலை பேசியது அந்த உச்சிக்கு. அதே ஆய்வின்படி, ஒரே தேர்வு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட அந்த 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இக்கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம். இதில் லஞ்சம் எதுவும் இல்லை. முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கான சலுகையும் விளையாட்டு ஒதுக்கீடும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

கொல்லைவாசலை அடைக்க கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. முன்னாள் மாணவர், நன்கொடையாளர் பிள்ளைகளுக்கு, மாநில அரசின் மாணவர் உதவித்தொகை பெறும் தனியார் கல்லூரிகள் முன்னுரிமை தரக்கூடாது என்ற அந்தச் சட்டம் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஸ்டான்ஃபோர்ட் அந்த உதவித்தொகைத் திட்டத்தை விட்டு விலகி, முன்னுரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.