விடுதலைப் போரில் ரோட் ஐலண்டு மக்கள்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் ஜார்ஜ் வாஷிங்டனையும், பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலையையுமே நாம் நினைக்கிறோம். வரலாற்று வகுப்பில் பதின்மூன்று குடியேற்ற நாடுகளின் பெயர்களை மனப்பாடம் செய்தபோது, ரோட் ஐலண்டு என்பது நம்மில் பலருக்கு வெறும் பெயராகவே நின்றுவிட்டது. தேசப்படத்தில் தேடினால் சுட்டுவிரல் நுனியே அதை மறைத்துவிடும்! 1774-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 60,000 பேர். அவர்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கருப்பின மக்கள், பெரும்பாலோர் அடிமைகள். இச்சிறு நாட்டார் போரில் ஆற்றிய பங்கு என்ன, அவர்களுள் யாருக்கு எவ்வளவு விடுதலை கிட்டியது என்பதை இங்கே காண்போம்.

சமயக் கருத்துக்காக மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட ராஜர் வில்லியம்ஸ் என்பவர் 1636-இல் பிராவிடன்ஸ் நகரை நிறுவினார். 1663-இல் கிடைத்த அரச சாசனம் இம்மக்களுக்குத் தங்கள் ஆளுநரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை அளித்தது. ஆகவே இலண்டனிலிருந்து வந்த கட்டளைகள் இவர்களுக்குப் பிடிக்காமற்போனதில் வியப்பில்லை. ஆனால் வேறொரு காரணமும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரைக் கழிவுப்பாகைக் கொணர்ந்து, ரம் என்னும் மதுவாகக் காய்ச்சி, அதனை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய், மாற்றாக மனிதர்களை வாங்கி விற்பது இங்குள்ள பெரும் வணிகர்கள் பலரின் தொழில். 1764-இல் ஆங்கில அரசு கழிவுப்பாகின் வரியைக் கண்டிப்பாக வசூலிக்க முற்பட்டதும், "எங்களை அடிமைகளாக்குகிறார்கள்" என்று இவர்களே கூக்குரலிட்டனர். இதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம்.

பெண்களும் வாளாவிருக்கவில்லை. முத்திரைத்தாள் வரியை எதிர்த்து, 1766 மார்ச்சில் பிராவிடன்ஸ் நகர இளம்பெண்கள் பதினெண்மர் ஒரு மருத்துவர் வீட்டில் கூடி, பொழுது விடிந்தது முதல் இருட்டும்வரை இராட்டை சுற்றி நூல் நூற்றனர். அன்னியத் துணி வேண்டாம் என்பதே பொருள். அன்றைய விருந்தில் தேநீரையும் விலக்கினர். ஏறக்குறைய நம் வயதினரே அவர்கள்!

1772 ஜூன் 9-ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் துணிகரமானது. கள்ளக்கடத்தலைத் தடுக்க வந்த காஸ்பி என்னும் அரசுக் கப்பல், ஒரு சிறு கப்பலைத் துரத்துகையில் மணல்திட்டில் தட்டி நின்றது. இரவோடு இரவாகப் பிராவிடன்ஸிலிருந்து படகுகளில் சென்றவர்கள் அதன் தலைவர் டடிங்ஸ்டனைச் சுட்டுக் காயப்படுத்தி, மாலுமிகளைக் கரை சேர்த்து, கப்பலைக் கொளுத்திவிட்டனர். அரசர் பரிசு அறிவித்தார். விசாரணைக் குழுவும் வந்தது. ஊரார் எவரும் வாய் திறக்கவில்லை. ஏவலாளாக இருந்த ஆரன் பிரிக்ஸ் என்ற கலப்பின இளைஞர் மட்டும் பெரிய மனிதர்கள் சிலரின் பெயரைச் சொன்னார். அவரது சாட்சியம் நம்பத்தகாதது என்று தள்ளப்பட்டது.

1776 மே 4-ஆம் நாள், அதாவது புகழ்பெற்ற ஜூலை 4-க்கு இரண்டு மாதங்கள் முன்பே, ரோட் ஐலண்டு சட்டமன்றம் ஆங்கில மன்னருக்குப் பணியும் கடமையைத் துறந்தது. ஆண்டு முடிவதற்குள் தண்டனை வந்தது. டிசம்பரில் ஆங்கிலப் படை நியூபோர்ட் நகரைப் பிடித்தது. 1779 அக்டோபர் வரை அகலவில்லை. குளிர்காலத்தில் அடுப்பெரிக்க வீடுகளையே பிரித்தனர். நகர மக்களில் பாதிப்பேருக்கு மேல் ஊரைவிட்டே போயினர்.

படைக்கு ஆள் கிடைக்கவில்லை. 1778 ஜனவரியில் தளபதி வார்னம், அடிமைகளைப் படையில் சேர்க்கலாம் என்று வாஷிங்டனுக்கு எழுதினார். பிப்ரவரியில் சட்டமன்றம் இசைந்தது: படையில் ஏற்கப்பட்ட அடிமை அந்த நொடி முதல் முழு விடுதலை பெற்றவன், உடைமையாளருக்கு 120 பவுன் வரை ஈடு. எசமானர்களின் எதிர்ப்பால் ஜூன் மாதத்திலேயே இவ்வாயில் அடைக்கப்பட்டது. அதற்குள் நுழைந்தவர்கள் முந்நூறைக்கூட எட்டவில்லை. கருப்பின மக்களோடு நாரகன்செட் பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். கர்னல் கிறிஸ்டபர் கிரீனின் முதலாம் ரோட் ஐலண்டுப் படைப்பிரிவு என்பது இதுதான்.

அவ்வாண்டு ஆகஸ்டில் நியூபோர்ட்டை மீட்க வந்த பிரெஞ்சுக் கடற்படை புயலில் சிக்கிச் சிதைந்து பாஸ்டனுக்குத் திரும்பியது. துணையிழந்த அமெரிக்கப் படை பின்வாங்க, ஆங்கிலேயர் துரத்தினர். ஆகஸ்ட் 29 அன்று, ஆங்கில அரசு கூலிக்கு அமர்த்திய ஹெஸ்ஸியர் எனும் ஜெர்மானிய வீரர்கள் இப்பிரிவின் மீது மும்முறை பாய்ந்தனர். ஒரு கோடைப் பயிற்சி மட்டுமே பெற்ற நேற்றைய அடிமைகள் மும்முறையும் அவர்களை முறியடித்தனர். படை தப்பிக் கரை சேர்ந்தது.

1780 ஜூலையில் ரொஷாம்போவின் பிரெஞ்சுப் படை நியூபோர்ட்டில் இறங்கியது. சமய உரிமைக்குப் பேர்போன இந்நாட்டின் சட்டத்தொகுப்பு அதுவரை கத்தோலிக்கருக்குக் குடியுரிமையை மறுத்திருந்தது! நட்பாக வந்த கத்தோலிக்க வீரர்களைக் கண்ட பின்னர், 1783-இல் அத்தடை நீங்கியது.

1781 மே மாதம் குரோட்டன் ஆற்றங்கரையில் எதிரிகள் திடீரெனத் தாக்கியதில் கர்னல் கிரீன் கொல்லப்பட்டார்; அவருடன் கருப்பின வீரர்கள் பலரும் மாண்டனர். எஞ்சியோர் அவ்வாண்டு அக்டோபரில் யார்க்டவுன் முற்றுகையில் போரிட்டனர். 1783 ஜூனில், சேரவேண்டிய சம்பளம் முழுதும் கைக்கு வராமலே, படையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். இதே நாட்டைச் சேர்ந்த தளபதி நத்தானியல் கிரீன், தென்பகுதிப் போரில் ஆற்றிய தொண்டுக்காக ஜார்ஜியா மாநிலத்திடமிருந்து பெரும் பண்ணை ஒன்றைப் பரிசாகப் பெற்றார். அதில் உழைத்தவர்கள் அடிமைகள்.

1784-இல் ரோட் ஐலண்டு ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டு மார்ச் முதல் நாளுக்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் அடிமைகள் அல்லர் என்றது அது. முன்பே பிறந்தவர்களை அது விடுவிக்கவில்லை. யார்க்டவுனிலிருந்து மீண்ட வீரன் சுதந்தர மனிதன். அவன் மனைவியும் மூத்த பிள்ளைகளும் அடிமைகளாக இருந்தால், அவர்கள் அப்படியே எசமானன் வீட்டில்தான் இருந்தார்கள்.