ஜட்ஜையும் காப்பாற்றும் காகிதம்!

ஜட்ஜ் மேலேயே ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் அவர் எங்கே போவார்? கோர்ட்டுக்குத்தான் சார்! அதிலும் ஒரு தமாஷ். கீழ்க்கோர்ட் நீதிபதிகளைக் கட்டுப்படுத்துவது ஹைகோர்ட். அரசியல் சட்டத்தின் 235-வது பிரிவு. எதிர்த்து 226-வது பிரிவில் ரிட் போடுவதும் ஹைகோர்ட்டில்தான்!

அங்கே சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி மறுபடி விசாரிக்க மாட்டார்கள். நடவடிக்கை முறைப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஆக, பேசப்போவது காகிதம். குற்றச்சாட்டு மெமோ, அதற்குப் பதில், சாட்சியம், விசாரணை அறிக்கை, தண்டனை உத்தரவு... எல்லாம் தேதிவாரியாக, பக்க எண் போட்டு அடுக்கணும். ஒரு தாள் விட்டுப்போனாலும் கோவிந்தா!

பீகாரில் ஒரு நீதிபதி, போதைப்பொருள் வழக்கில் அரசுத் தரப்பு சாட்சியத்தை அவசரமாக முடித்துவிட்டாராம். தண்டனை கொடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட் ஆர்டர் ஷீட்டைப் புரட்டினால், சாட்சிகளைக் கொண்டுவர 18 வாய்தா கொடுத்திருக்கிறார் மனுஷன்! முடித்துக்கொள்ளலாம் என்றதும் அரசு வக்கீலேதான். 2019-ல் தண்டனை ரத்து.

நான் ஜட்ஜ் இல்லை, சாதாரண ஆபீஸ் கிளார்க். ஆனாலும் இதைப் படித்ததிலிருந்து எனக்கு வரும் மெமோ, நான் எழுதும் பதில், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து எல்லாம் தனி ஃபைலில். "என்னய்யா அது?" என்றார் மானேஜர்.

"ஆர்டர் ஷீட் சார்!"