ஊசி போட்ட ராத்திரி

இரண்டாம் மாத ஊசி போட்ட ராத்திரியில்தான் பெரும்பாலும் சண்டை தொடங்கும். பகலில் கிளினிக்கில் தொடையில் குத்தியபோது ஒருமுறை வீறிட்டு அடங்கிய பிள்ளை, விளக்கணைத்த பிறகு நெருப்பாய்ச் சுடும். குத்திய இடம் சிவந்து தடித்துக் கிடக்கும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து லயக் காம்பராவில், வெளியே பனி கொட்டும்போது, பிள்ளையைப் போர்த்துவதா துணியைத் தளர்த்துவதா என்று தாய் தடுமாறுவாள். கொழும்புக் கடை வேலையிலிருந்து லீவில் வந்த தகப்பன் அப்போதுதான் வாய் திறப்பார்: "நல்லா இருந்த புள்ளைக்கு எதுக்கு இதப் போட்டுட்டு வந்த? கொழும்புல காசு குடுத்தா காச்சல் வராத ஊசி இருக்கு. நம்மளுக்குன்னா எதையும் குத்துவாங்க. நாலாம் மாசம் கொண்டு போகாத." தாயின் பதிலும் தயாராக இருக்கும்: "கொண்டு போகலன்னா மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வந்து ஏசுவாங்க. நீங்களா பதில் சொல்லப்போறீங்க?"

இலங்கையில் இந்தச் சண்டையில் தாய்தான் ஏறக்குறைய எப்போதும் வெல்கிறாள். நாட்டில் குழந்தைத் தடுப்பூசி போடாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஏச்சுக்குப் பயந்து போடுவது ஒரு பதில் ஆகாது. தகப்பன் கேட்டது நல்ல கேள்வி. காய்ச்சல் ஏன் வருகிறது? வராத ஊசி இருக்கும்போது ஏன் இதைப் போடுகிறார்கள்?

2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் ஐந்து நோய்களுக்கான மருந்து இருக்கிறது: தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமி. காய்ச்சலுக்குப் பெரும் பொறுப்பு குக்கல் பகுதியுடையது. குக்கல் கிருமியைக் கொன்று, உடைக்காமல் முழுசாகவே இதில் சேர்த்திருக்கிறார்கள். கிருமி செத்துக் கிடக்கிறது என்பது பிள்ளையின் உடம்புக்குத் தெரியாது. அதன் மேலுறையில் உள்ள நச்சுப்பொருளைத் தொட்டதும் காவல் செல்கள் இரத்தத்தில் செய்தி அனுப்புகின்றன. மூளையில் உடற்சூட்டைக் கவனிக்கும் பகுதி சூட்டை ஏற்றுகிறது. பெரும்பாலும் இரண்டு நாளில் தணிந்துவிடும்.

அந்த இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரியாத வேலையொன்று தொடங்கியிருக்கும். அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில், கிருமியைப் பிடிக்கத் தெரிந்த சில செல்கள் பெருகத் தொடங்கும். பெருகும்போதே அவற்றின் மரபணுவில் வேண்டுமென்றே சிறு சிறு பிழைகள் விழும். பிழையால் பிடி இறுகிய செல்லுக்கு வாழ்வு, பிடி தளர்ந்ததற்குச் சாவு. தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலித்துச் சலித்துத் தரம் பிரிப்பது போல, வாரக்கணக்கில் இந்தத் தெரிவு நடக்கிறது. நாலாம் மாத ஊசியும் ஆறாம் மாத ஊசியும், தேறிய செல்களை மறுபடி அதே சோதனைக்கு அனுப்பத்தான். அதனால்தான் ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம் என்பது சரிவராது.

கொழும்பின் தனியார் ஆஸ்பத்திரி ஊசி விஷயத்தில் தகப்பன் சொன்னது உண்மைதான். அதில் முழுக்கிருமி இல்லை. சுத்திகரித்து எடுத்த சில புரதங்கள் மட்டுமே உண்டு. காய்ச்சல் குறைவு. ஆனால் காப்பும் சீக்கிரம் கரைகிறது. அமெரிக்கா 1990களில் இந்த மென்மையான ஊசிக்கு மாறியது. 2010ல் கலிபோர்னியாவில் 9,000க்கும் மேற்பட்டோரைக் குக்கல் பிடித்தது. 10 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த ஊசியில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளிலேயே காப்பு தேய்ந்திருந்ததும் ஒரு காரணம் என்று பிறகு கண்டார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது மட்டமான மருந்து என்ற எண்ணம் இந்த ஒரு விஷயத்தில் பொருந்தாது. தோட்டத்து மக்களுக்கு அப்படிச் சந்தேகப்பட நூறு காரணம் உண்டு, அது வேறு கதை. இந்தியாவிலிருந்து கொண்டுவரும் வழியில் மண்டபம் முகாமில் அடைத்து, கேட்காமலே அம்மை குத்திக் கப்பலேற்றிய பரம்பரை அல்லவா?

சந்தேகத்துக்கு அரசாங்கமே இடம் கொடுத்த ஒரு காலமும் உண்டு. பென்டாவேலன்ட் இலங்கைக்கு வந்தது 2008 ஜனவரியில். சில மாதங்களுக்குள், ஊசி போட்ட சில குழந்தைகள் இறந்ததாகவும், சில குழந்தைகள் திடீரென்று வெளிறித் துவண்டதாகவும் தகவல் வந்தது. ஏப்ரலில் சுகாதார அமைச்சு ஊசியை நிறுத்தி, பழைய முக்கூட்டு ஊசிக்குத் திரும்பியது. ஆராய்ந்த நிபுணர்கள் இறப்புகளை ஊசியின் தலையில் போடவில்லை. அந்த வகைப்படுத்தலை விமர்சித்த மருத்துவர்களும் உண்டு. 2010ல் ஊசி திரும்பி வந்தது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் பிறந்தன. ஆளுக்கு மூன்று முறை என்றால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஊசிகள், அத்தனையும் முதல் ஆறு மாதத்துக்குள். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு எந்தக் காரணத்தால் எது நேர்ந்தாலும், கொஞ்சம் முன்னால் ஓர் ஊசி இருக்கத்தான் செய்யும். முன்னால் வந்தது என்பதாலேயே அது காரணமாகிவிடாது. காரணமில்லை என்று விசாரிக்காமல் அடித்துச் சொல்வதும் தவறு. நிறுத்தி, ஆராய்ந்து, திரும்பக் கொண்டுவந்ததுதான் சரியான வழி என்பது என் எண்ணம். நிறுத்தியதால் ஊசியின் பெயர் கெட்டது என்பார்கள். எதையும் நிறுத்தத் தெரியாத திட்டத்தை யார் நம்புவார்கள்?

ஒன்பதாம் மாத ஊசி வேறு ஜாதி. சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா மூன்றுக்குமான இதில் இருப்பவை உயிருள்ள, வலுவிழந்த வைரசுகள். அவை உடம்புக்குள் பெருக நாள் வேண்டும். ஆகவே காய்ச்சல் அன்றிரவு வராது. வந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்தே வரும். அதைப் பலர் ஊசியோடு சேர்த்தே பார்ப்பதில்லை. ஏன் ஒன்பது மாதம் காத்திருக்கிறார்கள் என்றால், அதற்குமுன் பிள்ளையின் இரத்தத்தில் தாயின் காப்பு மிச்சமிருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்புப் பொருள்களை வலிந்து பிள்ளைக்குள் ஏற்றுகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் இரத்தத்தில் தாயினுடையதைவிடக் கூடுதலாகக்கூட அவை இருக்கும்! முன்கூட்டியே போட்டால் அந்தக் காப்பே ஊசி வைரசைக் கொன்றுவிடும்.

சின்னமுத்து வந்து தேறிய பாட்டிமார் தம் பிள்ளைகளுக்குக் கனமான காப்பைக் கொடுத்தார்கள். ஊசியால் தப்பிய இன்றைய தாய்மார் கொடுப்பது அதைவிடக் குறைவு, சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. இலங்கை 2011ல் சின்னமுத்து ஊசியை ஒரு வயதுக்குத் தள்ளி, 2015ல் மறுபடி ஒன்பது மாதத்துக்கே கொண்டுவந்தது. இடையே 2013ல் வெடித்த சின்னமுத்தில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள்தான் அதிகம் அடிபட்டார்கள். 2019ல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற பெயரெடுத்த பிறகும் 2023ல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் தெரிவுசெய்த பகுதிகளில் ஆறு மாதத்துப் பிள்ளைகளுக்கே மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று.

ஊசி போடுவதா வேண்டாமா என்பது கணவன் மனைவி இருவருக்குள் முடியும் விஷயமாக இல்லாததற்கு லயமும் ஒரு காரணம். சின்னமுத்து வந்தவர் இருமிவிட்டு வெளியேறிய அறையில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் நிற்கும். காப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒற்றைச் சுவர், சில இடங்களில் அது கூரைவரை எட்டுவதுமில்லை. விடிந்தால் தாய்மார் வேலைப் பெரட்டுக்குப் போகுமுன் கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போகிறார்கள். ஐந்து மாதம், ஏழு மாதம் என்று சின்னமுத்து ஊசி வயதை எட்டாத பிள்ளைகள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. பக்கத்தில் தவழும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் போட்ட ஊசிதான் அவற்றுக்கும் காவல். நூற்றுக்கு 95 பேருக்குக் காப்பிருந்தால்தான் அந்தக் காவல் நிற்கும்.

சின்னமுத்து வந்து போனால் உடம்பு உறுதியாகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நெதர்லாந்தில் மத நம்பிக்கையால் ஊசி போடாத ஊர்களில் 2013ல் சின்னமுத்து பரவியது. நோய்க்கு முன்னும் பின்னும் பிள்ளைகளிடம் எடுத்த இரத்தத்தை ஆராய்ந்து 2019ல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அதுவரை சேர்த்துவைத்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தன. சின்னமுத்து போன பிறகும் பல மாதம் பிள்ளை மாறி மாறி நோயில் விழுவது இதனால்தான்.

ஆகவே நாலாம் மாத ஊசிக்குத் தகப்பனும் லீவு போட்டுக் கிளினிக்குக்குப் போகட்டும். கேட்க வேண்டியதை மிட்வைஃபிடமே கேட்கட்டும். முந்திய ஊசிக்குப் பிறகு பிள்ளை மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுததா, வலிப்பு வந்ததா, வெளிறித் துவண்டதா என்பதை ஊசி போடுமுன் கட்டாயம் சொல்லுங்கள். அப்படி எதுவும் நடந்திருந்தால் அடுத்ததை எப்படிப் போடுவது என்று டொக்டர் முடிவு செய்வார். ஊசி போட்டதும் உடனே கிளம்பாமல், சொல்லும் நேரம்வரை அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரலாம். வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் எவ்வளவு என்று பிள்ளையின் நிறையைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.