கார்த்திகையில் நனைந்த விறகு

தா.பழூரில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. மார்கழி விடியலில் கொள்ளிடக்கரை ஊர்களில் பனி இறங்கும். பெரியவர்கள் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். வீட்டுக்குள் வெப்பம் ஏற்ற ஒரு கருவி, அதற்குத் தனியாக ஒரு பில், அந்த பில்லைக் கட்ட அரசாங்கத்தின் பணம் என்று லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் போனில் சொன்னால், இங்கே வேடிக்கையாகத்தான் கேட்பார்கள்.

ஆனாலும் அரியலூர் மாவட்டத்தின் இந்தத் தென்கோடிக்கும் ஒரு குளிர்காலக் கணக்கு உண்டு. அது மார்கழிக்கு முன்பே, அடைமழையோடு வந்துவிடும்.

ஐப்பசியில் மழை பிடித்தால் முதலில் ஈரமாவது விறகு. ஓலைச் சார்ப்புக்கு அடியில் உரச்சாக்கு போர்த்தி அடுக்கியிருந்தாலும் சாரல் உள்ளே போய்விடும். நனைந்த கட்டை எரியாது, புகையும். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவக்கும். ஒரு பானை உலை கொதிப்பதற்குள் பிள்ளைக்குப் பள்ளிக்கூட நேரம் தப்பிவிடும். வீட்டில் பச்சை உடம்புக்காரியோ வயதானவரோ இருந்தால் வெந்நீருக்கும் சேர்த்து அடுப்பு எரிய வேண்டும். கூலி வேலை குறைவதும் இதே நாட்களில்தான். வயலில் தண்ணீர் நின்றால் களையெடுப்பு தள்ளிப்போகும். ஏரியும் வாய்க்காலும் நிறைந்துவிட்டால் நூறு நாள் வேலையில் மண் வெட்ட இடம் இருக்காது. எரிபொருள் அதிகம் தேவைப்படும் மாதமும் கையில் காசு குறையும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன.

வெயில் காலத்தில் இங்கே விறகுக்குப் பஞ்சமில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கவாத்து செய்த மிளாறு கிடைக்கும். சீமைக்கருவேலம் கேட்பாரற்று வளர்ந்து நிற்கும். பெரம்பலூர் பக்கம் போனால் பருத்தி எடுத்து முடித்ததும் பிடுங்கிப்போட்ட பருத்தி மார், மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை. மக்காச்சோளக் கட்டை சடசடவென்று பிடித்துக்கொள்ளும், ஆனால் நின்று எரியாது. வறட்டி நின்று எரியும், ஆனால் மழையில் அதைத் தட்டிக் காயவைக்க முடியாது. எதை எப்போது அடுப்பில் வைப்பது என்பது இந்த ஊர்ப் பெண்களுக்குத் தனிப் படிப்பு. அதற்குச் செலவாகும் நேரத்துக்கு யாரும் கூலி போடுவதில்லை.

காலுக்கடியிலேயே எரிபொருள் இருக்கிறது என்பது இன்னொரு வேடிக்கை. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி இருப்பதால், அனல்மின் திட்டத்துக்கென்று தொண்ணூறுகளில் விவசாயிகளிடமிருந்து நிலம் கையகப்படுத்தினார்கள். இழப்பீட்டு வழக்குகள் நீண்டன. சுரங்கம் மட்டும் வரவேயில்லை. அதே பழுப்பு நிலக்கரியைக் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் வெட்டியெடுத்து, புகை போக்கி, கட்டிகளாக்கி ‘லெக்கோ’ என்ற பெயரில் ஒரு காலத்தில் விற்றார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் லெக்கோ அடுப்பு என்றால் உடனே நினைவுக்கு வரும். பற்றவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும், பற்றிக்கொண்டால் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். கேஸ் பரவியதும் அது வழக்கொழிந்தது.

அந்தக் கேஸ், ஏழை வீட்டுக்குள் இரண்டு வழிகளில் வந்தது. 2006 தேர்தலில் ஜெயித்த கருணாநிதி அரசு, ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. பத்து ஆண்டு கழித்து, 2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் பிரதமரின் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. குடும்பத்துப் பெண்ணின் பெயரில், வைப்புத்தொகை இல்லாமல் இணைப்பு. 2019 செப்டம்பரில் நாடு முழுக்க 8 கோடி இணைப்பு என்ற இலக்கு எட்டப்பட்டது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் பெரிய காரியம்தான்.

ஆனால் அடுப்பு ஒருமுறை வாங்கும் பொருள். நெருப்பை மாதாமாதம் வாங்க வேண்டும். அதே 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை இதைத்தான் சொன்னது. உஜ்வாலா வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்கியிருந்தன. நாலைந்து பேர் உள்ள வீட்டில் மூன்று வேளையும் கேஸிலேயே சமைத்தால் ஏழெட்டாவது ஆகும். மீதி நாட்களில் எரிந்தது விறகு.

இப்படியான வீட்டில் சமையலறை மேடையில் கேஸ் அடுப்பு பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு நிற்கும். விருந்தாளி வந்தால் டீ, குழந்தைக்குப் பால், மழை நாளில் அவசரத்துக்கு ஒரு ரசம். சோறும் வெந்நீரும் கொல்லைப்புற மண் அடுப்பில். சிலிண்டரை அசைத்துப் பார்த்தே இன்னும் எத்தனை நாள் வரும் என்று சொல்லிவிடுவார்கள். தீரும் நேரத்தில் அதைப் படுக்கவைத்துக் கடைசிச் சொட்டையும் எடுப்பவர்கள் உண்டு. ஆபத்து என்று தெரியாமல் செய்வதில்லை.

விலைக்கு வருவோம். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். முழுக் கூலி கிடைத்தாலும் கிட்டத்தட்ட மூன்று நாள் உழைப்பு ஒரு சிலிண்டருக்கு. ஊருக்குள் இறக்கிவைக்கும் வண்டிக்காரருக்குக் கொடுப்பது தனி.

உஜ்வாலா வீட்டுக்குச் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. 2022 மே மாதம் 200 ரூபாயாகத் தொடங்கி, 2023 அக்டோபரில் 300 ஆனது. ஆண்டுக்கு 12 சிலிண்டர் என்றிருந்ததை 2025-26இல் 9 ஆகக் குறைத்தார்கள். நான்கு வாங்கும் வீட்டுக்கு 9 போதாதா என்று கேட்கலாம். போதும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, மானியம் வரும் வழியில் இருக்கிறது. முழு விலையையும் முதலில் எண்ணிக் கொடுக்க வேண்டும். 300 ரூபாய் பிறகு வங்கிக் கணக்கில் ஏறும். மாதச் சம்பளக்காரருக்கு இது பொருட்டே அல்ல. அன்றாடம் காய்ச்சிக்குக் கார்த்திகை மழையில் சிலிண்டர் விலையை மொத்தமாகப் புரட்டுவதுதான் மலை. நாளை வரப்போகும் 300 இன்றைக்கு உலை வைக்க உதவாது.

மானியத்தைப் பிறகு வங்கியில் போடும் முறை சும்மா வரவில்லை. மானிய சிலிண்டர் ஓட்டல்களுக்குக் கைமாறியதும், ஒரே வீட்டுக்குப் பல இணைப்புகள் இருந்ததும் உண்மை. அதைத் தடுக்கத்தான் 2015 ஜனவரி முதல் மானியம் நாடு முழுவதும் வங்கிக் கணக்குக்குப் போனது. ஓட்டை அடைபட்டது. கூடவே ஏழையின் தலையில் ஒரு முன்பணமும் ஏறியது.

இதே வீட்டில் மின்சார மீட்டரைப் பாருங்கள். 2016இல் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானதும் அறிவித்தபடி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு யாரும் முதலில் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பதில்லை. பில்லிலேயே கழிந்துவிடும். மின்சாரத்துக்குக் கழிக்கத் தெரிந்த கணக்கு, கேஸ் ஏஜென்சியின் ரசீதில் மட்டும் ஏன் கழியவில்லை?

மேலே சொன்ன லண்டனுக்கு ஒருமுறை போய் வரலாம். அங்கே 1997 முதல் முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் தொகை தருகிறார்கள். 2024இல் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை மிக ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார். எதிர்ப்பு கிளம்பியதும், அடுத்த ஆண்டே 35,000 பவுண்டு வரை வருமானம் உள்ளவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொரு சிறு திட்டம். நவம்பர் முதல் மார்ச் வரை, ஒரு பகுதியில் தொடர்ந்து 7 நாள் வெப்பநிலை சராசரியாகப் பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழோ இருந்தால், குறிப்பிட்ட உதவித்தொகை பெறும் வீடுகளுக்கு 25 பவுண்டு தானாக வந்துவிடும். மனு வேண்டாம், வரிசை வேண்டாம். வெப்பமானி சொன்னால் போதும். நம்மிடம் மழைமானி ஊருக்கு ஊர் இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்று தினமும் பத்திரிகையில் வருகிறது. அதைப் பார்த்து அடுப்புக்குக் காசு கொடுக்கலாம் என்று இங்கே யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு முடிச்சும் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே கேஸ் இணைப்பு இருந்தால் உஜ்வாலா கிடையாது. 2006க்குப் பின் மாநில அரசு கொடுத்த அடுப்பை வாங்கிய கூலிக் குடும்பம், முந்திக்கொண்ட குற்றத்துக்காக அந்த 300 ரூபாய்க்கு வெளியே நிற்கிறது. இணைப்பு வந்ததும் குடும்ப அட்டையில் முத்திரை விழுந்து, ரேஷன் மண்ணெண்ணெயும் குறைந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக, சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்று சொன்னது. வந்திருந்தால் இவர்களுக்கும் சேர்ந்திருக்கும். 2025 வரை அது கைக்கு வரவில்லை.

5 கிலோ சின்ன சிலிண்டரும் உஜ்வாலாவில் உண்டு. ஒரே தடவையில் புரட்ட வேண்டிய தொகை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடும். மழைக்காலத்துக்கு ஏற்ற அளவு அதுதான். ஆனால் அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. புரட்டாசி கடைசியில் வானம் கறுக்கத் தொடங்கும்போது, கட்டையும் மிளாறும்தான் உரச்சாக்கில் ஏறித் திண்ணை மூலைக்கு வருகின்றன.