உங்களுக்குத் தெரியுமா? பிளாங்க் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா!

● பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்போம். அச்சடித்த பக்கத்தை மேசைமேல் தேய்ப்போம். உண்மையில் நாம் எழுதும் சிடியான சிடி-ஆரின் பதிவு அச்சுப் பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 1.2 மி.மீ. பாலிகார்பனேட், அதன்மேல் பதிவைத் தாங்கும் சாயம், அதன்மேல் உலோகப் பூச்சு, கடைசியாக மெல்லிய வார்னிஷ். அந்த வார்னிஷ் சரியில்லாத டிஸ்க்கில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதினாலே பூச்சு உரிந்து பாட்டு போய்விடும். ஸ்பிரிட் வாடை அடிக்காத, தண்ணீர் மையுள்ள மார்க்கரே நல்லது. ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.

● டிவிடியில் 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டி, நடுவில் பதிவை வைத்திருப்பார்கள். மேல்கீறல் பயம் குறைவு. ஒட்டு சரியில்லையென்றால் விளிம்பிலிருந்து கெடத் தொடங்கும். படத்தின் கிளைமாக்ஸ் மட்டும் திக்கித் திக்கி ஓட இதுவும் ஒரு காரணம்: பதிவு டிஸ்க்கின் மையத்தருகே தொடங்கி விளிம்பில் முடிகிறது.

● வாங்கியதும் ஒரு டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் உலோகப் பூச்சில் ஓட்டை. பிறகு சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். சாயம் அங்கே திட்டுத் திட்டாகவோ, கோடு கோடாகவோ, குமிழ் விட்டோ இருந்தால் அந்தக் கட்டையே திருப்பிக் கொடுத்துவிடலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கறுப்பு சிடியில் பிளாஸ்டிக்குக்குத்தான் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் தரம் கூடுவதில்லை.

● டப்பாவில் இருக்கும் பெயர் வேறு, தயாரித்த ஆலை வேறு. பெரிய பிராண்டுகள் பலவும் தைவானிலோ இந்தியாவிலோ செய்வித்து, தங்கள் பெயரைப் போட்டு விற்றன. ஆனால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு குறியீடு பதிந்திருக்கும். ரைட்டருள்ள கணினியில் ஓர் இலவச மென்பொருள் அதைப் படித்துச் சொல்லும். ‘எம்.சி.சி.’ என்றால் மிட்சுபிஷி கெமிக்கல், ‘எம்.பி.ஐ.’ என்றால் நம் நாட்டு மோசர் பேயர். போலிச் சரக்கு செய்கிறவர்கள் இந்தக் குறியீட்டையும் திருடுவதுண்டு. அதனால் இது முதல் சோதனைதான், தீர்ப்பு அல்ல.

● அந்த மோசர் பேயர் 2007-ல் படங்களை 28 ரூபாய்க்கு விசிடியாகவும் 34 ரூபாய்க்கு டிவிடியாகவும் விற்று, திருட்டு சிடிக்கு விலையிலேயே பதில் சொன்ன நிறுவனம். 2018-ல் கலைப்பு நடவடிக்கைக்குப் போய்விட்டது. 1988-ல் சிடி-ஆரை உருவாக்கிய ஜப்பானின் தையோ யூடனும் 2015-ல் தயாரிப்பை நிறுத்தியது. நல்ல பெயர் இருக்கிறதே என்று இன்று வாங்கினால் அது பழைய ஸ்டாக்காக இருக்கலாம். எழுதாத டிஸ்க்கின் ஆயுளே 5 முதல் 10 ஆண்டு என்றுதான் அமெரிக்கத் தர ஆய்வு நிறுவனத்தின் 2003 கையேடு மதிப்பிடுகிறது. ‘100 வருஷம் தாங்கும்’ என்பது தயாரிப்பாளர் கணக்கு.

● ‘ஓடுதே!’ என்பது சோதனையே ஆகாது. சிடியில் நொடிக்கு 220 பிழைத் தொகுதிகள் வரை விதிமுறையே அனுமதிக்கிறது. பிளேயர் அவற்றைத் திருத்திக்கொண்டே பாடும். திருத்தும் எல்லை தாண்டிய பிறகுதான் நமக்குத் தெரியும், அதுவும் திடீரென்று. ஆகவே முதல் டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பி எழுதுங்கள். எழுதியதும் சரிபார்க்கும் வசதியை ஓடவிடுங்கள். பிறகு எழுதிய ரைட்டரில் இல்லாமல், வேறொரு பழைய டிரைவில் முழுதாக நகலெடுத்துப் பாருங்கள். வேகம் கடைசிவரை சீராக ஏறினால் நல்ல சரக்கு. விளிம்புக்கு வரும்போது நின்று நின்று படித்தால் கல்யாண வீடியோவை அதில் போடாதீர்கள்.

● பழைய கல்யாண சிடி பீரோவில் இருக்கிறதா? சாயத்துக்கு வெயிலும் புழுக்கமும் ஆகாது. இந்த வாரமே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், பென் டிரைவில் இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள். துடைக்க வேண்டியிருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடி, பிளேயரால் திருத்த முடியாமல் போகும்.